விட்டதைப் பிடிக்கத் துடிக்கும் மூளை: சூதாட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூதாடுகிறவர்கள் பேராசைக்காரர்கள். இதில் மூளை, நரம்பு என்று ஆராய என்ன இருக்கிறது?

ஆசை இருக்கிறது, மறுக்கவில்லை. முதல் தடவை பணம் கட்ட வைப்பது பெரும்பாலும் அதுதான். ஆனால் ஆசை மட்டுமே காரணமென்றால் கதை சீக்கிரம் முடிந்திருக்க வேண்டும். தோற்றவர் "இதில் காசு வராது" என்று எழுந்து போயிருப்பார். ஜெயித்தவர் ஜெயித்த காசோடு வீட்டுக்குப் போயிருப்பார். இரண்டுமே நடப்பதில்லை. ஜெயித்த காசும் அதே மேசைக்குத்தான் திரும்பிப் போகிறது.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸில், காசு போட்டுச் சின்னங்களைச் சுழலவிடும் ஸ்லாட் இயந்திரங்களே கதியென்று கிடந்தவர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் மானிடவியலாளர் நடாஷா டௌ ஷூல். அவர்களில் பலர் ஜெயிப்பதற்காக ஆடவில்லை, ஆட்டம் அறுபடாமல் இருப்பதற்காகவே ஆடினார்கள் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். பெரிய தொகை விழுந்தால் ஆட்டம் தடைப்படுகிறதே என்று எரிச்சல்பட்டவர்களும் உண்டு. இதைப் பேராசை என்று எப்படிச் சொல்வது? உலகத்தைக் கற்றுக்கொள்வதற்காக மூளை வைத்திருக்கும் ஏற்பாடு, கற்க ஒன்றுமே இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டு திணறுவதாகத்தான் எனக்குப் படுகிறது. கீழே உள்ள பதில்கள் பலவும் இதைச் சுற்றியே வரும்.

ஜெயிக்கும்போது மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, அந்த இன்பத்துக்கு அடிமையாகிறோம். அவ்வளவுதானே?

வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்த விளக்கம் பாதிதான் சரி. விட்டுப்போன பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

டோபமைன் நரம்பணுக்கள் எதற்குத் துடிக்கின்றன என்பதைக் குரங்குகளிடம் அளந்து பார்த்தவர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். ஒரு சமிக்ஞை வரும், சற்று நேரத்தில் குரங்கின் வாயில் பழச்சாறு ஒரு சொட்டு விழும். ஆரம்பத்தில் சாறு விழுந்தபோது நரம்பணுக்கள் படபடவெனத் துடித்தன. பழகப் பழக அந்தத் துடிப்பு சாற்றை விட்டுச் சமிக்ஞைக்கு இடம் மாறியது. சாறு விழும்போது அவை சும்மா இருந்தன. சமிக்ஞை வந்தும் சாறு வராமல் போனாலோ, வந்திருக்க வேண்டிய அந்த நொடியில் வழக்கமான துடிப்பும் அடங்கியது.

ஆக, அந்த நரம்பணுக்கள் "இனிக்கிறது" என்று சேதி அனுப்பவில்லை. "நினைத்ததைவிட அதிகம் வந்தது", "நினைத்ததைவிடக் குறைந்தது" என்று கணக்குச் சொல்கின்றன. 1997இல் ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மான்டேக் மூவரும் சயன்ஸ் இதழில் இதைக் கணித வடிவில் முன்வைத்தார்கள். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை பாடம் கற்கிறது. பாடம் முடிந்தால் வித்தியாசம் மறையும், துடிப்பும் அடங்கும்.

சூதாட்டத்தில் பாடம் முடிவதே இல்லை. எந்தச் சுற்றில் விழும் என்று யாராலும் கணிக்க முடியாது என்பதால் ஆயிரமாவது வெற்றியும் எதிர்பாராத வெற்றிதான். இன்னொன்றும் உண்டு. 2003இல் ஃபியோரிலோ, டோப்ளர், ஷுல்ட்ஸ் மூவரும் சாறு வரும் வாய்ப்பை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். நிச்சயம் வரும் அல்லது நிச்சயம் வராது என்றால் காத்திருக்கும் நேரத்தில் நரம்பணுக்கள் அமைதியாக இருந்தன. வாய்ப்பு 50 சதவீதமாக இருந்தபோதுதான் காத்திருப்பு முழுக்கத் துடிப்பு ஏறிக்கொண்டே போய், மற்ற எல்லா அளவுகளையும்விட உச்சத்தைத் தொட்டது. மங்காத்தாவில் உள்ளேயா வெளியேயா என்று சீட்டு விழக் காத்திருக்கும் நேரம் ஏன் அப்படி இழுக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

தோற்றுக்கொண்டே இருந்தாலும் ஏன் நிறுத்த முடிவதில்லை?

பரிசு எப்போதாவது வருவதுதான் காரணம். பி.எஃப். ஸ்கின்னரும் சார்ல்ஸ் ஃபெர்ஸ்டரும் 1950களில் புறாக்களை வைத்து இதை விரிவாக ஆராய்ந்தார்கள். இத்தனை முறை கொத்தினால் தானியம் என்று எண்ணிக்கையை நிலையாக வைத்தால், புறா தின்றுவிட்டுச் சற்று இளைப்பாறும். எத்தனையாவது கொத்துக்கு வரும் என்பதை மாற்றிக்கொண்டே இருந்தால் இளைப்பாறுவதே இல்லை. தானியத்தை அடியோடு நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டிருக்கும். "இப்போது வராதது அடுத்ததில் வரலாம்" என்று பழகிய உயிருக்கு, இனி வரவே வராது என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

"விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்திவிடுகிறேன்" என்று எல்லாரும் சொல்கிறார்களே?

சொல்கிறவர் அந்த நேரத்தில் உண்மையாகவே அதை நம்புகிறார். இது பொய்யாக இருந்தால் சமாளிப்பது சுலபம்.

டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு கேள்விகள். முதலாவது: நிச்சயமாக 3,000 கிடைக்கும், அல்லது 80 சதவீத வாய்ப்பில் 4,000 கிடைக்கும், எது வேண்டும்? 80 சதவீதம் பேர் நிச்சயமான 3,000ஐ எடுத்தார்கள். இரண்டாவது அதே கேள்விதான், நஷ்டமாகத் திருப்பியது: நிச்சயமாக 3,000 போகும், அல்லது 80 சதவீத வாய்ப்பில் 4,000 போகும். இப்போது 92 சதவீதம் பேர் துணிந்து இரண்டாவதைத் தேர்ந்தார்கள். லாபத்தில் பயந்து ஒதுங்குகிற அதே மனிதர் நஷ்டத்தில் துணிச்சல்காரராகிறார். எழுந்து போவது என்றால் நஷ்டத்தை உறுதி செய்வது; இன்னொரு கை ஆடுவது என்றால் அது இன்னும் உறுதியாகவில்லை. அதனால்தான் குதிரைப் பந்தயத்தில் நாளின் கடைசி ஓட்டத்தில், ஜெயிக்க வாய்ப்பு மிகக் குறைந்த குதிரைகள்மேல் பணம் அதிகம் விழுகிறது. அமெரிக்கப் பந்தயத் திடல்களில் 1956லேயே வில்லியம் மக்லாத்லின் இதைக் கவனித்து எழுதினார். அதுவரை விட்டதையெல்லாம் ஒரே ஓட்டத்தில் மீட்க அந்தக் குதிரைகளால் மட்டும்தான் முடியும்.

ஒரே ஒரு நம்பரில் போனால் இன்னும் வெறி ஏறுகிறதே, ஏன்?

கேரம் ஆடும்போது காய் குழியின் விளிம்பில் தட்டி நின்றால் அது பயனுள்ள சேதி. அடுத்த முறை கொஞ்சம் திருத்தி அடிக்கலாம். ஆகவே "கிட்டத்தட்ட" என்பதை மூளை பாதி வெற்றியாகக் கணக்கில் வைப்பதில் தவறில்லை. லாட்டரியில் 4567க்கு 4568 வந்தால் அதிலிருந்து கற்க ஒன்றும் இல்லை. 4568க்கும் 1203க்கும் வித்தியாசம் கிடையாது, இரண்டும் தோல்வி. இது மூளைக்குத் தெரிவதில்லை.

2009இல் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர் எளிமைப்படுத்திய ஸ்லாட் ஆட்டம் ஒன்றை ஆடவிட்டு மூளையைப் படம் பிடித்தார்கள். நூலிழையில் தவறிய சுற்றுகளில், காசு எதுவும் கிடைக்காவிட்டாலும், வெற்றியின்போது இயங்கும் ஸ்ட்ரையேட்டம், இன்சுலா பகுதிகள் இயங்கின. பிடித்திருந்ததா என்று கேட்டால், சாதாரணத் தோல்வியைவிட மோசம் என்றார்கள். மறுபடி ஆட விருப்பமா என்றால் விருப்பம் கூடியிருந்தது. அதுவும் சின்னத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்த சுற்றுகளில் மட்டும். 2014இல் வந்த தொடர் ஆய்வில், நோயாலோ காயத்தாலோ இன்சுலா சேதமடைந்தவர்களிடம் இந்த இழுப்பு காணப்படவில்லை.

இயந்திரம் செய்கிறவர்கள் இதை மூளைப் படம் இல்லாமலே தெரிந்து வைத்திருந்தார்கள். 1984இல் டெல்னஸ் என்பவருக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. கண்ணுக்குத் தெரியும் உருளை ஒன்று, கணினிக்குள் முடிவெடுக்கும் உருளை வேறொன்று. கண்முன் சுழல்வதில் பரிசுச் சின்னம் அடிக்கடி தென்படும். உள்ளே அதற்கு ஒதுக்கிய இடம் மிகக் குறைவு. இந்த ஏற்பாட்டில், பரிசுச் சின்னம் கோட்டுக்குச் சற்று மேலேயோ கீழேயோ வந்து நிற்பதை அதிகமாக்கவும் முடிந்தது.

தொடர்ந்து கறுப்பே வருகிறது, அடுத்தது சிவப்பு வந்துதானே ஆகணும்?

1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில், பந்து உருண்டு ஏதாவது ஒரு பள்ளத்தில் விழும் ரூலட் சக்கரத்தில் 26 முறை தொடர்ந்து கறுப்பு விழுந்தது. ஏறக்குறைய பாதி வழியிலிருந்தே "இனி சிவப்புதான்" என்று ஜனங்கள் பணத்தைக் கொட்டி இழந்தார்கள். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. 37 பள்ளங்களில் 18 கறுப்பு, 18 சிவப்பு, ஒன்று பூஜ்யம். இருபத்தேழாவது சுற்றிலும் சிவப்புக்கு வாய்ப்பு 48.65 சதவீதம்தான். விடுதியின் லாபம் அந்த ஒற்றைப் பூஜ்யத்தில் இருக்கிறது: கட்டும் பணத்தில் சராசரியாக 2.7 சதவீதம். அமெரிக்கச் சக்கரத்தில் பூஜ்யம் இரண்டு, லாபம் 5.26 சதவீதம்.

நானே பார்த்து எடுத்த சீட்டுக்கு ராசி அதிகமா?

அப்படித் தோன்றும். எலன் லேங்கர் 1975இல் வெளியிட்ட ஆய்வில், லாட்டரிச் சீட்டைத் தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் அதைத் திருப்பி விற்கச் சராசரியாக 8.67 டாலர் கேட்டார்கள். சீட்டைக் கையில் திணிக்கப்பட்டவர்கள் கேட்டது 1.96 டாலர். சீட்டின் விலை இருவருக்கும் ஒரே ஒரு டாலர்.

ரம்மி திறமை ஆட்டம். அதை ஏன் சூதாட்டத்தோடு சேர்க்கிறீர்கள்?

சட்டத்தின் பார்வையில் நீங்கள் சொல்வதற்கு இடமிருக்கிறது. எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைத்து, எதைப் பிடிப்பது எதைக் கழிப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1968இல் சொன்னது. தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை 2023 நவம்பரில் விசாரித்து முடித்த சென்னை உயர் நீதிமன்றமும், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது.

திறமை கொஞ்சம் கலந்திருப்பதுதான் ரம்மியை இன்னும் ஆழமாகப் பிடிக்க வைக்கிறது என்பேன். லாட்டரியில் தோற்றால் விதி என்று விடலாம். ரம்மியில் தோற்றால் "அந்த ஏழாம் நம்பர் சீட்டை விட்டிருக்கக்கூடாது" என்று ராத்திரி முழுக்க ஓடும். திருத்திக்கொள்ளக்கூடிய தவறாகத் தெரிகிற தோல்வி, மறுபடி ஆடுவதற்கான காரணமாகிவிடுகிறது. அதுபோக, பணம் கட்டி ஆடிய செயலிகளில் ஒவ்வொரு மேசையிலும் நிறுவனம் கட்டணம் பிடித்தது. எல்லாரும் சமமான திறமைசாலிகள் என்று வைத்துக்கொண்டாலும் ஆடியவர்கள் கூட்டாக நஷ்டப்பட்டே தீர வேண்டியிருந்தது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இந்த வாதத்துக்குள்ளேயே போகவில்லை. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்தது.

அந்தக் கால லாட்டரிக்கும் கைப்பேசி ஆட்டத்துக்கும் என்ன வித்தியாசம்?

வேகம். 1968இல் அண்ணா ஆட்சியில் பரிசுச்சீட்டு வந்தபோது "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்றார்கள். சீட்டு வாங்கினால் குலுக்கல் நாள் வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் வேலை, குடும்பம், தூக்கம் எல்லாம் வந்துபோகும். உடனே சுரண்டிப் பார்க்கும் சீட்டுகள் வந்தபின் அந்த இடைவெளி போயிற்று. 2003 ஜனவரியில் தமிழ்நாடு லாட்டரியை முழுவதுமாகத் தடை செய்தது.

கைப்பேசியில் இடைவெளியே இல்லை. கட்டு, பார், தோல்வி, மறுபடி கட்டு. கையிலிருந்து நோட்டுப் போவதும் கண்ணில் படாது. 100 ரூபாய் கட்டி 30 ரூபாய் திரும்பினால் அது 70 ரூபாய் தோல்வி. இயந்திரமோ மணியடித்து விளக்குப் போடும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மைக் டிக்சன் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி வெற்றி வேடமிட்ட தோல்விகளுக்கு ஆடுகிறவர்களின் தோல் வியர்வை, நிஜ வெற்றியைப் போலவே எதிர்வினை காட்டியது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு கொண்டுவந்த விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை மூடச் சொன்னதைச் சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அது அர்த்தமுள்ள விதியாகவே பட்டது. தூங்காத மூளை இழப்பைச் சரியாக எடைபோடாது.

மூளையில் நல்லது கெட்டதைத் தீர்மானிக்கும் இடம் என்று ஒன்று உண்டா?

ஒரே இடம் என்று கிடையாது. ஆனால் நெற்றிக்குப் பின்னால், கண்களுக்குச் சற்று மேலே உள்ள பகுதி சேதமானால் என்ன ஆகும் என்று தெரியும். 1994இல் அயோவா பல்கலைக்கழகத்தில் அன்டவான் பெஷாரா, அன்டோனியோ டமாசியோ, ஹன்னா டமாசியோ, ஸ்டீவன் ஆண்டர்சன் ஆகியோர் நான்கு சீட்டுக்கட்டுகள் கொண்ட ஆட்டம் ஒன்றை வகுத்தார்கள். இரண்டு கட்டுகளில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர் கிடைக்கும், ஆனால் பெரிய அபராதங்களும் வரும். பத்துச் சீட்டு எடுத்தால் மொத்தத்தில் 250 டாலர் நஷ்டம். மற்ற இரண்டில் 50 டாலர்தான், அபராதம் சிறியது. பத்துச் சீட்டில் 250 டாலர் லாபம். நலமானவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நல்ல கட்டுக்கு நகர்ந்தார்கள். அந்தப் பகுதி சேதமடைந்தவர்கள் கெட்ட கட்டை விடவில்லை. எது கெட்ட கட்டு என்று வாயால் சொல்லத் தெரிந்தவர்களும் விடவில்லை.

1997இல் இன்னொரு சேதி வந்தது: நலமானவர்களின் உள்ளங்கை, எந்தக் கட்டு ஆபத்து என்று அவர்களே சொல்வதற்கு முன்பே வியர்க்கத் தொடங்கியது. உடம்புக்கு முதலில் தெரிகிறது, அறிவு பின்னால் வருகிறது என்று இதைப் பலர் கொண்டாடினார்கள். 2004இல் மையாவும் மக்லெலண்டும் கேள்விகளை நுணுக்கமாகக் கேட்டுப் பார்த்து, ஆடுகிறவர்களுக்கு முன்கூட்டியே கணிசமாகத் தெரிந்திருந்தது என்று காட்டினார்கள். ஆகவே "உள்மனசு சொல்வதைக் கேள்" என்று இதை மேற்கோள் காட்டுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். சீட்டாட்டத்தில் உள்மனசு பெரும்பாலும் இன்னொரு கை ஆடத்தான் சொல்லும்.

உடம்புக்குள் எதுவும் போகவில்லையே, இதை எப்படி நோய் என்கிறார்கள்?

பார்க்கின்சன் நோயாளிகளைப் பாருங்கள். அது டோபமைன் குறைவதால் வரும் நோய். பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் டோபமைனைப் போலச் செயல்பட்டு நடுக்கத்தையும் இறுக்கத்தையும் குறைக்கின்றன. இவற்றைச் சாப்பிட்டவர்களில் சிலர், அதுவரை சீட்டையே தொடாதவர்களும்கூட, கட்டுக்கடங்காமல் சூதாடத் தொடங்கினார்கள். 2005இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இப்படிப் பதினொரு பேரைப் பற்றி எழுதினார்கள். மருந்தைக் குறைத்ததும் அல்லது நிறுத்தியதும் பலருக்குப் பழக்கம் விலகியது. 2010இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளை ஆராய்ந்தபோது, இந்த வகை மருந்து எடுத்தவர்களில் 17.1 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கட்டுப்பாட்டுக் கோளாறு இருந்தது: சூதாட்டம், கண்மண் தெரியாமல் வாங்குவது, தின்பது, பாலியல் வேட்கை. எடுக்காதவர்களில் 6.9 சதவீதம். ஒழுக்கக்கேடு மாத்திரையோடு வந்து மாத்திரையோடு போகுமா?

வீட்டில் யாராவது இந்த மருந்து எடுத்தால் தாமாக நிறுத்த வேண்டாம். மாற்றம் தெரிந்தால் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்கிறவர்கள்தான் அதிகம்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் தன் மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் சூதாட்டக் கோளாறை மது, போதை அடிமைத்தனங்களோடு ஒரே அத்தியாயத்தில் வைத்தது. ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது நான்கு ஓராண்டுக்குள் இருந்தால் நோய். தொகையை ஏற்றிக்கொண்டே போவது, நிறுத்த முயன்று தோற்பது, விட்டதைத் துரத்துவது, பொய் சொல்வது, கடனை அடைக்க அடுத்தவரை நம்புவது போன்றவை அவற்றில் சில.

கணக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் சிக்க மாட்டார்கள்தானே?

சிக்குவார்கள். நிகழ்தகவு தெரிவது ஒன்று, நள்ளிரவில் இருபதாயிரம் இறங்கிய நிலையில் அதன்படி நடப்பது இன்னொன்று.

பங்கு விலை குறிப்பிட்ட நாளுக்குள் ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டும் ஆப்ஷன் டிரேடிங்கும் இதில் சேருமா?

பல ஆண்டுகளுக்குப் பங்கு வாங்கி வைப்பவரை நான் சேர்க்க மாட்டேன். வாராந்திர எக்ஸ்பைரிக்காக, அதாவது ஒப்பந்தம் முடியும் நாளுக்காக, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருப்பவரை, மூளையைப் பொறுத்தவரை, தாராளமாகச் சேர்ப்பேன். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் பங்கு எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று 2024 செப்டம்பரில் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி சொன்னது. லாபத்தில் இருப்பதை அவசரமாக விற்று, நஷ்டத்தில் இருப்பதை "ஏறும்" என்று பிடித்து வைத்திருக்கும் பழக்கத்தை 1985லேயே ஷெஃப்ரினும் ஸ்டாட்மனும் விவரித்தார்கள். மேலே சொன்ன 3,000, 4,000 கணக்கு இங்கேயும் அப்படியே வேலை செய்கிறது.

சிகிச்சை உண்டா?

உண்டு. அதிகம் ஆராயப்பட்டது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. "இனி சிவப்புதான்", "இன்று கை ராசியாக இருக்கிறது" போன்ற நினைப்புகளை எழுதி வைத்துச் சோதிப்பது, தூண்டும் நேரத்தையும் இடத்தையும் கண்டுபிடித்து மாற்றுவது இதன் அடிப்படை. மதுப் பழக்கத்துக்குத் தரும் நால்ட்ரெக்ஸோன் சிலருக்கு உதவியிருக்கிறது. கையில் பணமும் வழியும் இல்லாமல் செய்வதும் சிகிச்சையின் பகுதிதான்: யுபிஐ வரம்பைக் குறைப்பது, சம்பளக் கணக்கைச் சில மாதம் வீட்டாரிடம் ஒப்படைப்பது, கடன் செயலிகளை நீக்குவது.

முதல் அழைப்புக்கு அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணமில்லை, எந்நேரமும், தமிழிலும் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் கைப்பேசி, இணைய அடிமைத்தனத்துக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. கடன் நெருக்கடியில் தற்கொலை எண்ணம் வருவது இந்த நோயில் அதிகம். அப்படி ஒரு வார்த்தை காதில் விழுந்தால் பணக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், தனியாக விடாதீர்கள்.

மகனுடைய கடனை நாங்களே அடைத்துவிடலாமா?

நிலத்தை விற்று, நகையை வைத்து மொத்தமாக அடைத்துவிட்டு, "இனிமே தொடமாட்டேன்" என்று சத்தியம் வாங்கிக்கொள்வதுதான் நம் வீடுகளில் வழக்கம். கடன் தீர்ந்த அன்று நஷ்டக் கணக்கு பூஜ்யமாகிறது, ஆடிய மூளை அப்படியே இருக்கிறது. விழுந்தால் தாங்கிக்கொள்ள ஆள் உண்டு என்ற பாடம் மட்டும் புதிதாகச் சேர்கிறது.

அடைப்பதென்றால் சிகிச்சை தொடங்கிய பிறகு, தவணையாக, கடன் கொடுத்தவரிடமே நேராகக் கொடுங்கள். பையன் கையில் ரொக்கமாகத் தராதீர்கள். மிரட்டும் கடன் செயலிகளை முதலில் கவனியுங்கள், சைபர் குற்ற உதவி எண் 1930இல் புகார் செய்யலாம். எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். திட்டாமல் கேளுங்கள், திட்டினால் பாதிதான் வரும். இரண்டு வாரம் கழித்து அந்தப் பட்டியலை மறுபடி எழுதச் சொல்லுங்கள். முதல் தாளில் வராத கடன் ஒன்றிரண்டு பெரும்பாலும் இரண்டாவதில்தான் வரும்.